அப்பா பார்த்த போட்டி

பர்சான்: ஆசியாவுலயே மூணாவதா வந்தவன், டெஹ்ரான் ஏர்போர்ட்ல பையைச் சுமந்துக்கிட்டு நின்னா என் மானம் என்னடா ஆவுறது?

கெய்வான்: இருநூத்தி முப்பது கிலோ தூக்குனவண்ணே நான்.

பர்சான்: சரி, வண்டில ஏறித் தூங்கு. நம்ம ஊரு கெர்மான்ஷா போக சாயங்காலம் ஆயிடும்.

கெய்வான்: கன்னத்துல என்ன வெட்டு?

பர்சான்: காலைல அவசரமா ஷேவ் பண்ணேன். தம்பிய கூப்பிட வர்றோமே, பளிச்சுனு இருக்கணும்ல... உனக்கென்ன இவ்வளவு தாடி?

கெய்வான்: நேரமில்ல... அப்பா போட்டியைப் பாத்தாராண்ணே?

பர்சான்: ம்... பாக்காம?

கெய்வான்: எங்க உக்காந்து?

பர்சான்: டிவில மூக்கு இடிக்கிற மாதிரிதான். மறைக்குதுன்னு அம்மா திட்டிக்கிட்டே இருந்தா.

கெய்வான்: டீ குடிச்சாரா?

பர்சான்: பல்லுல சர்க்கரைக் கட்டியைக் கடிச்சுக்கிட்டு...

கெய்வான்: டாக்டர் சர்க்கரை கூடாதுன்னாரே.

பர்சான்: நம்ம அப்பா என்னைக்கு யார் பேச்சைக் கேட்டாரு?

கெய்வான்: ரெண்டாவது தடவை பாரைக் கீழ போட்டேனே. அப்ப?

பர்சான்: திட்டினாரு. தோஹாவுல மூணு தடவையும் போட்டுட்டு வந்தான், இங்கயும் ஆரம்பிச்சுட்டான் கழுதைன்னு.

கெய்வான்: கழுதைன்னா சொன்னாரு?

பர்சான்: வேற என்னன்னு கூப்பிடுவாரு உன்னை?

கெய்வான்: கடைசி தடவை...?

பர்சான்: அப்ப... எந்திரிச்சு நின்னுட்டாரு. நீ தலைக்கு மேல நிறுத்துற வரைக்கும் மூச்சே விடல... போதும்டா. வழியில ஹமதான்ல கபாப் சாப்பிடலாம்.

கெய்வான்: மெடல் போடும்போது?

பர்சான்: அழுதாரு... இரு, வண்டியை ஓரமா நிறுத்துறேன். கண்ணுல தூசி.

கெய்வான்: நிறுத்துண்ணே.

பர்சான்: ...ஆமா, பாரைப் பிடிக்கிறப்போ எப்பவும் "யா அலி"ன்னு கத்துவியே. இந்தத் தடவை ஏன் வாயே திறக்கல?

கெய்வான்: திறந்திருந்தா அழுதிருப்பேன்.

பர்சான்: எதுக்கு... எதுக்கு அழணும்?

கெய்வான்: பயிற்சிக் கேம்ப்ல ஒருநாள் காலைல திடீர்னு எல்லாரும் என்னைக் கிண்டல் பண்றதை நிறுத்திட்டாங்க. பயமாயிடுச்சு. ரொட்டிக்கடை ஹஷ்மத்துக்குப் போன் போட்டேன். அப்பாவை அடக்கம் பண்ணிட்டு அப்பத்தான் வந்து கடையைத் திறந்திருந்தாரு.

பர்சான்: ...போட்டி முடியிற வரைக்கும் உனக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாடா. வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா சொல்றதா இருந்தது... எல்லாம் தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் என்னைக் கேட்டுக்கிட்டு வந்த?

கெய்வான்: நீ சொல்லச் சொல்ல, அவரு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாருண்ணே.