எறும்பு தின்னாத அம்புக்குறி

கடையில் கோலமாவு என்று விற்பது அரிசிமாவு இல்லை என்பது இந்த அறுபத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது, சார். எங்களுடையது வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், வாசலில் கோலம் போடும் வழக்கம் இல்லை. என் மனைவி ஞானசௌந்தரிக்கும் தெரியாது. அவளை இதில் இழுக்க வேண்டாம்.

என் பெயர் ஜீவரத்தினம். நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம். தாம்பரத்தைச் சுற்றி எது பொதுப்பாதை, எது பட்டா நிலம் என்று வரைபடம் பார்க்காமலே சொல்வேன். ஓய்வு பெற்றதும் ஒரு நடைக்குழு ஆரம்பித்தேன். சனிக்கிழமை விடிந்ததும், அகரம்தென் தாண்டி வயலும் ஏரிக்கரையுமாக ஏழு கிலோமீட்டர். பயிரை மிதிக்கக் கூடாது, படலைத் திறந்தால் மூட வேண்டும், கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

தாமதமாக வருகிறவர்களுக்காக, பாதை பிரியும் இடத்தில் அரிசிமாவால் அம்புக்குறி போடுவேன். பெயின்ட் அடித்தால் ஊர் அசிங்கமாகிவிடும். அரிசிமாவு என்றால் பத்து மணிக்குள் எறும்பு தின்றுவிடும், நாம் வந்துபோன சுவடே இருக்காது. அதில் எனக்கு ஒரு பெருமை.

ஜாய்சன் மேடவாக்கத்தில் குடியிருந்தான், நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. சிரித்த முகம். ஆனால் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. பைக்கை மதகருகே போட்டுவிட்டு, எங்களைப் பிடிக்க வயலுக்குள் குறுக்கே ஓடிவருவான். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை நிலக்காரர் சுப்பராயலு வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார், படிச்சவங்க பண்ற வேலையா இது? இன்னொரு தபா எவனாவது வயல்ல கால வெச்சான், பாதைய முள்ளு போட்டு அடைச்சிடுவேன். அப்பால கேஸ் போட்டுக்கினு அலைங்க."

சொன்னால் செய்கிற மனிதர். மேடவாக்கம் பக்கம் நான் அளந்த பாதைகள் எல்லாம் இன்று அபார்ட்மென்ட் மதிலுக்குள் கிடக்கின்றன. மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுப்பராயலு சத்தம் போட்ட அன்றே ஜாய்சன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சாரி அங்கிள். சத்தியமா இனிமே உங்க ஆரோ மார்க் பாத்துதான் வருவேன். வயல்ல இறங்கவே மாட்டேன்." கண் கலங்கியிருந்தது. நான் நம்பினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். நம்பாமல் அந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியாது.

"அப்ப திருந்திட்டான்ல சார்? அப்புறம் எதுக்கு?" என்று நேற்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மூன்று முறை மிதித்தானே, சார். சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே.

அடுத்த சனிக்கிழமை நல்ல மார்கழிப் பனி. வீட்டில் அரிசிமாவு தீர்ந்திருந்தது. ஞானசௌந்தரி கடையில் கோலமாவு பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். புளியமரத்தடியில் பாதை பிரிகிறது. வலப்பக்கம் ஏரிக்கரை. இடப்பக்கம் கைவிட்ட கல்குவாரி, விளிம்புவரை புதர் மூடியிருக்கும், கீழே ஆழமான தண்ணீர். எல்லாரும் வலப்பக்கம் போனதும், கடைசி ஆளாக நின்று, வலப்பக்கம் போட்டிருந்த அம்பைக் காலால் கலைத்துவிட்டு இடப்பக்கம் ஒன்று போட்டேன்.

மரத்துக்குப் பின்னால் நின்றேன். ஜாய்சன் வந்தான். வயலுக்கு அப்பால் எங்கள் ஆட்கள் பேசுவது கேட்டது. வழக்கமாக என்றால் குறுக்கே இறங்கியிருப்பான். அன்று இறங்கவில்லை. நாற்றை ஒரு தடவை பார்த்தான், அம்பைப் பார்த்தான், அது காட்டிய வழியில் திரும்பினான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, சார்.

பிறகு "அங்கிள்" என்று இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கேட்கவில்லை. நான் வேகமாக நடந்து குழுவைப் பிடித்தேன்.

பத்து மணிக்கு அவன் மனைவி ஜோசலின் போன் செய்தாள். "அங்கிள், ஜாய்சன் உங்ககூடதான இருக்காரு? போனே போக மாட்டேங்குது."

"இன்னிக்கு வரலையேம்மா" என்றேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து உடல் மிதந்து, நீங்கள் அங்கே போனபோதும் அம்பு அப்படியே இருந்திருக்கிறது. குழுவில் அம்பு போடுகிறவன் நான் ஒருவன்தான், அதனால் நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் ஏட்டு எல்லம்மாதான் விளக்கினார்: "இது கல்ல அரைச்ச மாவு சார். எந்த எறும்பு துன்னும்?"

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். யாரையாவது அனுப்பி அந்த மாவைக் கூட்டி அள்ளச் சொல்லுங்கள். பொதுப்பாதையில் இதுவரை நான் எதையும் விட்டுவிட்டு வந்தவன் இல்லை.