நூற்றிருபது சிப்பாய்கள், ஓர் உள்பாக்கெட்

— எழுந்திரு, போலாம்.

— உக்காருங்க. இன்னும் படம் முடியல.

— இது எங்க முடியப்போகுது... காத்துக்கு வரியாம். கட்டாதவனைப் பிடிக்க நூத்தி இருபது சிப்பாயாம். அத்தனை பேரும் ஒத்த ஆள்கிட்ட அடி வாங்குறானுங்க.

— அடி வாங்குறவங்க போட்டிருக்கறது நீங்க தைச்ச உடுப்பு. அதைப் பாக்கத்தானே வந்தேன்.

— எங்க தெரியுது? மூணு மாசம் ராப்பகலா தைச்சேன். மொத்தத்தையும் புகை போட்டு மறைச்சுட்டான்.

— அதோ, விழுறான் பாருங்க... காலர் எவ்வளவு நல்லா நிக்குது!

— ஆளு செத்துட்டான், காலர் நிக்குது.

— மெதுவா... முன்னால இருக்கறவர் திரும்பிப் பாக்குறார்.

— அவரு இப்பத்தான் முழிச்சாரு. இடைவேளையிலேயே போயிருக்கலாம்.

— அப்பவே கிளம்பப் பாத்தீங்க. நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன்... ஏங்க, உலகம் அழிஞ்சு இருநூறு வருஷம் ஆச்சுங்கறான். இந்தப் பொண்ணு புருவத்தை யாருங்க திருத்தி விடுறா?

— கதை எழுதினவனைக் கேளு.

— பொறுங்க. இப்ப பாலம் வெடிக்கும், அதோட சரி.

— உனக்கெப்படித் தெரியும்?

— இவ்வளவு நேரம் காட்டின பாலத்தை வெடிக்காம விடுவானா... ஆமா, சிப்பாய்க்கெல்லாம் எதுக்கு உள்பாக்கெட் வெச்சீங்க? யாரு கண்ணுக்குத் தெரியப்போகுது?

— போடுறவனுக்குத் தெரியும்ல.

— எதைத் தைச்சாலும் உள்பாக்கெட் வெக்காம உங்க கை நிக்காது.

— நிக்காது... பாத்தியா, வெடிச்சுடுச்சு. வா.

— பேரு ஓடுதுங்க. இருங்க.

— தையக்காரன் பேரையெல்லாம் யாரு போடுவா? ஷூட்டிங்ல ஒருத்தன்கூட என் பேரைக் கேக்கல. "உள்பாக்கெட் மாஸ்டர்"னுதான் கூப்பிட்டானுங்க.

— அம்மா, எழுந்திருங்க, பெருக்கணும். அடுத்த காட்சிக்குக் கூட்டம் நிக்குது.

— கூட்டமா? இந்தப் படத்துக்கா, அண்ணே?

— ...சரி, கூட்டமில்ல. ஆனா படத்தை நிறுத்தப்போறாங்க.

— ரெண்டே நிமிஷம்ணே. இவரு பேரு வந்தாலும் வரும்.

— சார் நடிச்சிருக்காரா?

— விடு தாயி, மானத்தை வாங்காத... இல்லப்பா, சிப்பாய் உடுப்பு தைச்சேன், அவ்வளவுதான்.

— அதுவா! இவ்வளவு அடிதடியில கிழியாம இருந்தது அது ஒண்ணுதான் சார். படம்தான் கிழிஞ்சுடுச்சு... இருங்க, நிறுத்த வேணாம்னு மேல சொல்லிட்டு வரேன்.

— நல்ல மனுஷன்... அதோ, இடது பக்கம்! நாலாவது வரி!

— "தையல்... உள்பாக்கெட் மாஸ்டர்"... அடப்பாவிகளா!

— பேரு தெரியலைன்னாலும் உங்களை விட்டுடல பாத்தீங்களா? ...என்னங்க, கண்ணைத் துடைக்கிறீங்க?

— புகை.

— புகை படத்துல இருந்துச்சு.

— சந்தோஷமா இருக்கு. போதுமா? ...இரு இரு. எழுத்து மேல வர்றதுக்கு முன்னாலயே நீ விரலை நீட்டிட்டியே?

— முந்தாநாள் தங்கச்சியோட வந்து பாத்தேன்.

— இந்தக் கொடுமையை ரெண்டு தடவையா! வீட்லயே சொல்லியிருக்கலாமே?

— சொன்னா நம்புவீங்களா? உங்க கண்ணால பாக்கணும்னுதான். நீங்க மட்டும் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாக்கும்.

— நான் எதைச் சொல்லல?

— படம் வந்த முதல் நாள் நூல் வாங்கப் போறேன்னுட்டு இங்க வந்தீங்களே, அதை.

— ...பின்வரிசையில ஒருத்தன் சிப்பாய்ங்களைப் பாத்து, "குப்பைப் பையை மாட்டிக்கிட்டு வர்றானுங்கடா"ன்னு கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க. தாங்கலம்மா. இடைவேளையில ஓடியாந்துட்டேன். உனக்கும் அது கேக்கும்னுதான் இன்னைக்கு வேணாம் வேணாம்னேன்... ஆமா, நான் வந்ததை யாரு சொன்னா உனக்கு?

— யாரும் சொல்லல. உங்க சட்டைக்கும் உள்பாக்கெட் வெச்சுத்தானே தைச்சுக்கறீங்க... துவைக்க எடுத்தப்ப டிக்கெட் அதுல இருந்துச்சு.