மீனின் எடை

எனக்கு வீடியோ கேம் எதுவும் ஆடத் தெரியாது. இந்த ஒன்று டெவிட்டா சொல்லிக்கொடுத்தது. பசிபிக் தீவான டோங்காவைச் சேர்ந்தவன், கதவை அடைக்கிற உடம்பு, பிசியோதெரபிஸ்ட். அவன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தாலே நர்ஸுகள் சிரித்துவிடுவார்கள். இப்போது ரஸ் செத்ததற்குத் தன் விளையாட்டுதான் காரணம் என்று அழுதுகொண்டிருக்கிறானாம். அது நியாயமில்லை. அதனால்தான் இந்தச் சாவை விசாரிக்கிற உங்களிடம் வந்தேன்.

ரஸ் என் கணவன். நரம்புகள் செயலிழந்து, கழுத்துக்குக் கீழே வலது மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் அசைந்தது. தொண்டையில் குழாய், அதனால் பேச்சு இல்லை. ஒருமுறை கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டுமுறை என்றால் வேண்டாம். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. மனம் தளராமல் பயிற்சி செய்தால் எழுந்து நடப்பான் என்றார் டாக்டர்.

பயிற்சி ஒரு மீன்பிடி விளையாட்டு. மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிடுவார்கள். அவன் மணிக்கட்டைத் தூக்கினால் திரையில் தூண்டில் மேலே வரும்.

"என்ன மச்சான், ஹோபார்ட்ல பொறந்துட்டு ஒரு மீனுக்கு இந்தப் பாடா? எங்க ஊர்ல கைக்குழந்தை புடிக்கும்டா," என்பான் டெவிட்டா. ரஸின் கண் சிரிக்கும்.

மாலையில் ஆடவைப்பது என் வேலை.

"மீனோட எடைய இங்க கூட்டலாம், குறைக்கலாம் அக்கா. அவனால முடியறதுக்கு ஒரு துளி மேல வைங்க, போதும். ரொம்ப ஏத்திடாதீங்க. தோத்துக்கிட்டே இருந்தான்னா மனசு விட்ருவான்."

நான் ஏற்றினேன். டெவிட்டா வரும் முன் பழையபடி இறக்கிவைத்துவிடுவேன்.

நோயில் விழுந்த அன்று காலை, பெர்னி என்ற ஊரில் ஒருத்தியோடு வாழப்போவதாகச் சொல்லிவிட்டுப் பையைக் காரில் வைத்தான் ரஸ். சாவியைத் திருப்பக் கையில் வலு இல்லை. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எழுந்து நடப்பான் என்று டாக்டர் சொன்னபோது, காரில் கிடக்கும் அந்தப் பைதான் என் நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு மாலையும் மீன் நழுவும். அவன் அழுவான். அதுவரை என் முன்னால் அழுதவனில்லை. "பரவால்ல கண்ணு, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று துடைத்துவிடுவேன். கன்னத்தை என் உள்ளங்கையில் சாய்த்துக்கொள்வான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததேயில்லை. அந்தக் கன்னத்தின் சூடு இல்லாமல் இப்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பிறகு பட்டையை எடுத்தாலே இரண்டுமுறை சிமிட்டத் தொடங்கினான். டெவிட்டா கேட்டாலும் அதேதான். நுரையீரலில் சளி கட்டியது. மருந்து கொடுக்கட்டுமா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்கும் இரண்டுமுறை.

அன்று பயந்துபோனேன். கெஞ்சிக் கூத்தாடிப் பட்டையைக் கட்டி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடையை அடிமட்டத்துக்கு இறக்கினேன். மணிக்கட்டு லேசாகத் துடித்தது, மீன் துள்ளி வந்துவிட்டது. "பாத்தியா ரஸ், புடிச்சிட்ட," என்றேன்.

அவன் திரையைப் பார்த்தான். அதன்மேல் இருந்த என் விரலைப் பார்த்தான். பிறகு வெகுநேரம் என் முகத்தையே பார்த்து, நிதானமாக இரண்டுமுறை சிமிட்டினான். சாகும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அது சின்ன மீன். மீன்பிடிக்கப் போனால் அளவு பத்தாததை அவன் எப்போதும் கடலிலேயே விட்டுவிடுவான். அந்த இரண்டு சிமிட்டலில் அதைத்தான் சொன்னான்.