தெரிந்த ரோட்டில் ஒரு சோதனை

“இது பொய் சொல்லுதான்னு பாக்கத்தான் பஸ் ஏறுனோம்” என்று என் முன் சீட்டுப் பெண்மணி கண்டக்டரிடம் சொன்னார். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து. காருக்கு வழிகாட்டும் சின்னப் பெட்டி ஒன்றை அவர் கணவர் ஜன்னலோரம் பிடித்திருந்தார்.

“வெள்ளிக்கெழம கார் வருது. பழைய வண்டிதான்” என்றார் கணவர். “கடையில இருக்கறதுலயே இந்தப் பொட்டிதான் வெல கம்மி. ஒருநாள் வச்சிப் பாத்துட்டு வாங்கிக்கன்னாரு கடைக்காரரு.”

“இந்த ரோடு தெரியாதா ஒங்களுக்கு?” என்று கண்டக்டர் கேட்டார்.

“இருவது வருஷமா போறோம்” என்றார் மனைவி. “தெரியாத ரோட்டுல தப்பா சொன்னா எப்டிங்க கண்டுபுடிக்கறது? இவுரு யாரையும் வழி கேக்க மாட்டாரு. எந்தம்பி கல்யாணத்துக்குப் போய்ச் சேரறப்ப பந்தியே முடிஞ்சிபோச்சி.”

பாலம் வேலை நடந்ததால் பேருந்து ஊருக்குள் திரும்பியது. பெட்டி ஒரு நிமிடம் விழித்தது. பிறகு புது வழியைக் காட்டியது.

“கண்டுபுடிச்சிடுச்சி!” என்று கணவர் கத்தினார். பின் சீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

சிதம்பரத்தில் இறங்கும்போது அவர் கண்டக்டரிடம் குனிந்தார்.

“அண்ணே, பக்கத்துல நல்ல ஸ்வீட் கடை எங்க இருக்கு? இதுல கடையெல்லாம் காட்டாது.”

மனைவி படியிலேயே நின்றுவிட்டார்.

“வழி கேட்டுட்டாரு! அப்ப இந்தப் பொட்டிய திருப்பிக் குடுத்துடலாமா?”

அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக இறங்கினார்.