மூன்று நாள் அசைக்கக்கூடாது

“வெட்டினாத் தாய்க்கு நோகாதா, அக்கா?” என்று நிருஷா ஒருமுறை கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. நான் குறட்டால் முருகையின், தொட்டியில் வளர்க்கிற உயிருள்ள பவளத்தின், ஒரு கொப்பை நறுக்கிக்கொண்டிருந்தேன். “நோகாது. ரெண்டு கிழமையில வெட்டின இடம் மூடிரும்” என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசினால் பெரும்பாலும் உண்மைதான் பேசுவேன்.

எங்கள் முன்னறையில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அப்பா கட்டாரில் ஒரு பணக்காரரின் வீட்டில் இப்படியொரு தொட்டியைப் பராமரித்துவந்தவர். நிருஷா பிறப்பதற்கு முன்பே போனவர், சண்டை முடிந்த ஆண்டுதான் திரும்பினார். சுனாமியில் எங்கள் வாகரைக்குள் கடல் ஏறியபோதும் வரவில்லை. அந்தத் தொட்டியைப் பார்க்க வேறு ஆள் இல்லையாம்.

வேலையை எனக்குப் பழக்கியவர் அவர்தான். சோடாப் போத்தல் மூடியில் சீமெந்தை வார்த்துச் சின்னக் கட்டை செய்யவேண்டும். நறுக்கிய துண்டை அதில் பசையால் ஒட்டி, தண்ணீரில் வைக்கவேண்டும். மூன்று நாள் அசைக்கக்கூடாது. அசைக்காவிட்டால் துண்டு தன் அடியைப் பரப்பிக் கட்டையை மூடிக்கொள்ளும். பிறகு அது எந்தத் தாயிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

“மூத்தவள் மனுசரோட பேசமாட்டாள், முருகையோட பேசுவாள்” என்று அப்பா முருகை வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கடல் வந்த காலை அம்மா நிருஷாவை என்னிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். எனக்குப் பன்னிரண்டு வயது. கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் போனபோது நான் மதிலில் இருந்தேன். நிருஷா தூங்கிய தொட்டில் இருந்த இடத்தில் தொட்டில் இல்லை.

அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அகதிகளாய் இருந்த பள்ளிக்கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு தின்னவில்லை. என்னை ஏசியிருந்தால் இது ஒன்றும் நடந்திருக்காது.

இரண்டாம் நாள் உழவு மெசினில் ஏற்றிவந்த ஆட்களோடு ஒரு பெண்பிள்ளை வந்தது. நிருஷாவின் வயதுதான். யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. “உம்மா, உம்மா” என்று அழுதது. முஸ்லிம் பிள்ளை என்று எனக்குத் தெரியும். மறுநாள் முஸ்லிம் சனங்களை ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக பஸ் வருவதும் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் போனேன். இடுப்பில் கட்டியிருந்த கறுத்த கயிற்றை அறுத்தேன். அதிலிருந்த வெள்ளித் தாயத்தைப் பிறகு என் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். பிள்ளையை அம்மாவின் மடியில் வைத்து, “நிருஷா கிடைச்சிட்டாள், அம்மா” என்றேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு சோறு பிசைந்தாள். முதல் வாய் பிள்ளைக்கு, அடுத்தது தனக்கு. அம்மா ஏமாந்தாள் என்று நான் எழுதவில்லை. அவள் கேட்கவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று நாள் பிள்ளையை வகுப்பறையைவிட்டு வெளியே விடவில்லை. உம்மா என்று வாய் திறந்தால் பிஸ்கட் வைத்தேன். ஒட்டுகிற வேலை அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

நான்காம் நாள் கைறுன்னிஸா என்ற பெண் வந்தாள். சனங்கள் ஆளுக்கொன்றாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் நின்ற என்னிடம் வந்து கேட்டாள். “மகள், எண்ட றமீஸாவக் கண்டீங்களா? ஒண்டரை வயசு.”

“இல்லை” என்றேன். கூச்சமான பிள்ளை பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவள் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அதோடு நான் படிப்பை விட்டேன். பிள்ளை என் கண்முன்னே இருக்கவேண்டும். பிறகு ஆட்கள் வான் வண்டியில் வந்து பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துப்போகிற காலமும் வந்தது. அவர்கள் எத்தனையோ பேரைக் கொண்டுபோனார்கள். நான் ஒன்றைத்தான் எடுத்தேன். அதையும் சோறூட்டி வளர்த்தேன்.

தாயத்தை எறிய மனம் வரவில்லை, நான் திருடி அல்ல. தொட்டி வந்ததும் அதை ஒரு கட்டைக்குள் வைத்து வார்த்து, மேலே பச்சை முருகை ஒன்றை ஒட்டினேன். அதை மட்டும் விற்கவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

போன கிழமை நிருஷா பாசி சுரண்டும்போது அந்தக் கட்டையின் அடி பெயர்ந்துவிட்டது. “அக்கா, உள்ளுக்க என்னமோ மினுங்குது. பல்லால கடிச்ச மாதிரிக் கிடக்கு” என்றாள். தகரம் என்றேன்.

இன்று பகல் ஒரு பெண் உடுப்பு மூட்டையோடு வந்தாள். கைறுன்னிஸாதான். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. அம்மா பின்னால் கிணற்றடியில் இருந்தாள்.

“என்னகா, அக்காக்கு வாய் இல்லையா?” என்று நிருஷாவிடம் கேட்டாள்.

“வாய் இருக்கு, பூட்டிக் கிடக்கு. திறப்புத்தான் துலைஞ்சு போச்சு.”

அவள் சிரித்தாள். ஒரு சட்டையை நிருஷாவின் தோளில் வைத்து அளவு பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. “எனக்கும் ஒண்டு இருக்கு மனே, ஒண்ட வயசுதான். கடல் வந்ததுக்குப் பொறகு தேடுறன். ஊர் ஊரா உடுப்பு விக்கிறதும் அதுக்குத்தான்.”

“கண்டா எப்பிடித் தெரியும்?”

“இடுப்புல வெள்ளித் தாயத்துக் கட்டின. மூடி கழண்டு கழண்டு விழும். நான்தான் பல்லால கடிச்சு நெளிச்சு விட்ட. எண்ட பல்லு எனக்குத் தெரியாதா?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க எங்கயும் கண்டீங்களா, மகள்?”

“இல்லை” என்றேன்.

அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் எடுக்கப் போனாள்.

நிருஷா அசையாமல் நின்றாள். எதற்கும் கேள்வி கேட்கிறவள். அதனால் நானும் ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு அந்தக் கட்டையை எடுத்தாள். கவிழ்த்து அடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். செருப்புப் போடவில்லை. கட்டையோடு படலையைத் திறந்துகொண்டு போனாள்.

தொட்டியிலிருந்து படலைவரை ஈரம் சொட்டியிருந்தது, இப்போது காய்ந்துவிட்டது. பஸ் போன சத்தம் முதல் பக்கத்தை எழுதும்போதே கேட்டது. தண்ணீரை விட்டு முருகை அரைமணி நேரம் தாங்கும். அது அவளுக்குத் தெரியும், நான்தான் பழக்கினேன். அதற்குள் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.