ரீட்டா பாடிய கெசட்

பெயர்: அந்தோனிப்பிள்ளை மாக்ரெட். வயது: 63. தொழில்: தையல், முன்னர் கார்னிவல்களில் ஆர்மோனியம் வாசித்தவர். முகவரி: 41/6, சந்தை ஒழுங்கை, கொட்டாஞ்சேனை. திகதி: 1996 மே 14, பி.ப. 3.10.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசிக்கிறேன். இன்று காலை ஒன்பதரை மணியளவில் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் என் கைப்பையிலிருந்த ஒலிநாடாக் கெசட்டைப் பொலிஸார் போட்டுக் கேட்டு, அது என்ன சத்தம் என்று வினவினர். "பல்லெக் சிந்து கியனவா", அதாவது நாய் பாடுகிறது என்று சிங்களத்தில் சொன்னேன். நான் கேலி செய்வதாக எண்ணி, இரகசியச் செய்தியென்று சந்தேகித்து என்னை நிலையத்துக்குக் கொண்டுவந்தனர்.

அந்த நாயின் பெயர் ரீட்டா. 1974இல், என்னோடு சேர்ந்து வாசித்த கிளாரினெட் கலைஞர் மக்கீன் அவளைப் பேலியகொடை மீன் சந்தையில் குட்டியாகக் கண்டெடுத்தார். அவர் ஊதத் தொடங்கினால் அவள் மூக்கை உயர்த்திச் சுருதியோடு இழுத்துப் பாடுவாள். அதன்பின் மூவரும் ஒன்பது வருடம் கார்னிவல்களில் நிகழ்ச்சி செய்தோம். நுகேகொடையில் சனம் மதிலில் ஏறி நின்று பார்த்தது. அடித்துப் பழக்கினீர்களா என்று பலர் கேட்டனர். ஒருபோதும் அடிக்கவில்லை. நான் கட்டை மாறி அழுத்தினால் அவள்தான் பாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். சனம் சிரிக்கும். எனக்கு முகம் சிவந்துவிடும்.

1983 ஜூலைக் கலவரத்தில் மக்கீன் என்னையும் ரீட்டாவையும் தன் வெள்ளவத்தை வீட்டுப் பின்னறையில் ஒளித்து வைத்தார். வீதியில் கூட்டம் கத்திக்கொண்டு போனது. எந்தச் சத்தத்துக்கும் கூடப் பாடுகிறவள் என்பதால் அவள் வாயைக் கட்டத் துணி எடுத்தேன். தேவைப்படவில்லை. மூன்று மணி நேரம் என் மடியில் முகம் புதைத்து நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் பாடவேயில்லை. இரண்டு வருடத்தில் இறந்தாள். இந்தக் கெசட் 1981இல் கோயில் திருவிழாவில் பதிந்தது. வேறு பிரதி இல்லை.

கடந்த தை மாதம் மக்கீனுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றது. நேற்று அவரது மகள் பைறோஸா தொலைபேசியில், "மாமி, வாப்பா நாளெல்லாம் சுவரையே பாத்துக்கிட்டு இரிக்காரு. அந்த கெசட்ட கொஞ்சம் கொண்டு வாங்களேன்" என்றாள். அதற்காகவே வந்தேன்.

நிலையத்தில் இதைச் சொன்னதும், பொறுப்பதிகாரியின் கட்டளைப்படி, நான் சொன்னதைச் சரிபார்க்க ஒரு கான்ஸ்டபிள் என்னை மக்கீனின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கெசட்டைப் போட்டோம். மக்கீன் அசையவில்லை. ரீட்டாவின் குரல் வந்ததும் அவரது வலக்கை விரல்கள் போர்வையின் மேல் ஒவ்வொன்றாக எழுந்து படிந்தன, கிளாரினெட்டின் துளைகளை மூடுவதுபோல. பைறோஸா, "வாப்பா, கேக்குதா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். பாட்டு முடிந்ததும் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி, "ஆயெத் தாண்ட" என்றார். மறுபடி போடுங்கள் என்பது பொருள். மூன்று தடவை கேட்டோம். நிலையத்துக்குத் திரும்பப் பிந்தியதற்கு அதுவே காரணம்.

எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாவும் உண்மை.

(ஒப்பம்) அ. மாக்ரெட்