குடை விரித்தவர் குற்றம்

எனக்கு நாய்கள் பிடிக்கும், ஐயா. அந்தப் பங்களா நாய் சிப்பாயையும் பிடிக்கும். நான் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் என் காலடியில் வந்து தலையை வைத்துப் படுத்துவிடும். முடியும்வரை அசையாது. அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். தையல்காரர். அந்த வீட்டு அம்மாவுக்குத் தைத்த துணிகளைக் கொடுக்கப் போனார். வாசலை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்துத் துணி மூட்டைக்குப் பிடித்தார்; தான் நனைந்தார். சிப்பாய் பாய்ந்து வலது கையைக் கவ்வியது. ஆளாளுக்கு இழுத்தும் விடவில்லை. கை இருக்கிறது. விரல்கள் மடங்காது. ஊசியில் நூல் கோர்க்க இப்போது நான் வேண்டும்.

விசாரணை நகராட்சி அலுவலகத்தின் இதே அறையில் நடந்தது. நீங்கள் இதே நாற்காலியில் இருந்தீர்கள். வீட்டுக்காரர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "குட்டியா இருக்கும்போது எவனோ குடையால அடிச்சிருக்கான் சார். குடையை விரிச்சா அதுக்கு ஆகாது. மத்தபடி பச்சைப்புள்ள."

தெரிந்துகொண்டே கட்டாமல் விட்டிருக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். நீங்கள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டீர்கள். "பெரியவரே, நீங்கதானே குடையை விரிச்சு அதைச் சீண்டியிருக்கீங்க," என்றீர்கள். அப்பா கட்டுப்போட்ட கையை மடியில் ஒளித்துக்கொண்டு, "தெரியாமப் பண்ணிட்டேங்கய்யா, மன்னிச்சுக்கங்க," என்றார். கடிபட்டவர் மன்னிப்புக் கேட்டார். நீங்களும் மன்னித்தீர்கள். சீண்டப்பட்ட நாய் கடித்தால் குற்றமில்லை என்று சொல்லி, அப்பாமேல் எச்சரிக்கை எழுதி, எங்களை அனுப்பிவிட்டீர்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நீங்கள் சொன்னது சரிதான். சீண்டியவர் யாராக இருந்தாலும் என்றுதான் போட்டிருக்கிறது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் அப்பாவின் தோளைத் தட்டினார். "பொண்ணு படிச்சிருக்காமே. நம்ம பாப்பாவுக்குப் பாடம் சொல்லித் தரட்டும். உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்." அப்பா என்னைப் பார்த்தார். போனேன்.

பாப்பா கெட்டிக்காரி. சரியான வாயாடி. "குடையை ஏன் மிஸ் கேட்டுக்கு வெளியவே வச்சுட்டு வர்றீங்க? அதுக்கென்ன ஜுரமா?" என்பாள். அந்த வீட்டில் குடையே கிடையாது. மழை பெய்தால் கார் படிக்கட்டுவரை வரும். காரணத்தைச் சொன்னால் குழந்தை நாயைக் கண்டு பயப்படுமே என்று யாரும் அவளிடம் அதைச் சொல்லி வைக்கவில்லை. குடை பிடித்து நடக்க வேண்டுமென்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் குடை. பொத்தானை அழுத்தினால் படாரென்று விரியும். சத்தமில்லாமல் விரிகிற குடையையும் கடைக்காரர் காட்டினார். வேண்டாமென்றேன்.

"அப்பாகிட்ட அப்புறம் காட்டலாம். முதல்ல சிப்பாய்க்குக் காட்டு. நல்லா கிட்டப் போய் விரி, அதுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"நிஜமாவா மிஸ்?"

"நிஜமா."

நான் வாசலில் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் மாட்டினேன்.

கன்னத்தில் தையல் போட்டிருக்கிறார்களாம். பெரிய டாக்டராம். இருந்தாலும் அப்பாவின் தையல் மாதிரி நேராக வந்திருக்காது.

சிப்பாயை அன்றைக்கே ஊசி போட்டு முடித்துவிட்டீர்கள். விசாரணை வைக்கவில்லை. சீண்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் நானாகவே வந்தேன். குடையை விரித்தது பாப்பாதானே? அவளையும் இங்கே உட்கார வையுங்கள். "நீதானே சீண்டினே?" என்று அதே குரலில் கேளுங்கள். கட்டுப்போட்ட முகத்தோடு அவளும் மன்னிப்புக் கேட்கட்டும். அது முடியாதென்றால் அப்பாவுக்கு எழுதியதை அடித்துவிடுங்கள். எதைச் செய்தாலும் சம்மதம். விரிக்கச் சொன்னது நான்தான் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அந்தப் புள்ளைக்குக் கவுன் தைக்க நான்தாம்மா அளவெடுத்தேன்," என்றார். திருப்தியில் சொன்னது போலும். அன்றிலிருந்து ஊசியை என்னிடம் நீட்டுவதில்லை. அதைத் துணியில் குத்தி நிறுத்தி, நூல் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கோர்க்கப் பார்க்கிறார். உதவப் போனால் துணியோடு சேர்த்து அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

கை தேறி வருகிறது என்று நினைக்கிறேன்.